தனுஷ்கோடிக்கு ஒரு பகல்

சனவரித் திங்களின் முதல் இரு வாரங்கள் தில்லிவாழ் தமிழர்க்கு ஊர் செல்லும் காலம். பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. காலை பத்து மணி வரை பனிமூட்டம் விலகாத நாட்கள். பிர்லா மந்திரும் காளி பாரியும் தமிழ்ப் பள்ளியும் வரிசையாக அமைந்த மந்திர் மார்க்கில் இயங்கும் எங்கள் கிளைக்கு, டிசம்பர் இறுதியில் வரும் தமிழ்க் குடும்பத்தினர் பயணத்தைப் பற்றி இரண்டு சொல் பேசாமல் செல்வதில்லை. அவற்றுள் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் தொடர் ஒன்று உண்டு: "மதுரைக்குப் போகிறோம், அப்படியே ஒரு நாள் இராமேசுவரம்."

அந்த 'அப்படியே ஒரு நாள்' எவ்வாறு கழிகிறது என்பதை, திரும்பி வந்தோரிடம் கேட்டும் நாங்களே சென்று பார்த்தும் அறிந்திருக்கிறோம். காலை ஏழு மணிக்கு மதுரையில் புறப்பாடு, வழியில் சிற்றுண்டி, பத்தரை மணிக்கு மேல் தீவை அடைதல், அக்கினி தீர்த்தம், பின்னர் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், நீண்ட வரிசை, நடை சாத்தும் முன் அவசர அவசரமாக ஒரு தரிசனம். பிற்பகல் உணவுக்குப் பின் சற்றுக் கண்ணயர்வு. நான்கு மணிக்கு மேல் யாரோ ஒருவருக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வருகிறது. வண்டி விரைகிறது. மாலையில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வாகனங்களை விடுவதில்லை. அதற்குள் நுழைந்துவிட்டால் நற்பேறு. நுழைந்தாலும் முனையில் பத்து மணித்துளிகள், நான்கைந்து புகைப்படங்கள், காவலரின் ஊதல் ஒலி. "பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.

இந்தத் திட்டத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நாங்கள் இக்கட்டுரையில் சொல்ல வருவது. முற்பகல் தனுஷ்கோடிக்கு, பிற்பகல் கோயிலுக்கு. ஒரே ஒரு பகல்தான் கையில் உள்ளது என்றால் இதைவிட நல்ல பங்கீடு இல்லை என்று துணிந்து கூறுவோம்.

கோயிலைப் பின்னுக்குத் தள்ளுகிறோமே என வீட்டுப் பெரியவர்கள் வருந்தலாம். வருந்த வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் சேது நீராடி, அதன்பின் இராமநாதசுவாமியை வழிபட்டால்தான் காசி யாத்திரை நிறைவுறும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. முன்னோர் வகுத்த வரிசையில் கடலே முதலில் நிற்கிறது. நாம்தாம் மதிய உணவையும் உறக்கத்தையும் நடுவில் வைத்து வரிசையை மாற்றிக்கொண்டோம்.

இரு கடலும் ஒரு காயலும்

பாம்பன் தீவின் உருவத்தை நிலப்படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. மேற்கே பாலம், வடகிழக்கே கோயில் நகரம், அங்கிருந்து தென்கிழக்கே வால்போல ஒடுங்கி நீளும் மணல்திட்டு. அந்த வாலின் நுனி அரிச்சல்முனை. கோயிலிலிருந்து அங்குச் செல்ல இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. வாலின் இடப்புறம் பாக் நீரிணைக் கடல், வலப்புறம் மன்னார் வளைகுடா. உள்ளூர் மக்கள் அமைதியான இடப்பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலை ஓங்கும் வலப்பக்கத்தை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். இப்பெயர்கள் கோடைக்கும் தென்மேற்குக் காற்றுக் காலத்துக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பெண்கடலும் சீறும். 1964-இல் என்ன நிகழ்ந்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இரு கடல்களையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். இவற்றுக்கு இடைப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கோதண்டராமர் கோயிலை நெருங்கும்போது சாலையின் இடப்பக்கம் தகடுபோல் விரிந்து கிடப்பது கடலன்று, காயல். மணல்மேடுகள் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும் உப்புநீர்ப் பரப்பு அது. பல இடங்களில் முழங்காலளவுகூட ஆழமில்லை. காற்றில்லாத காலை வேளையில் வானம் முழுதும் அதற்குள் இறங்கி நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்ததும் சிற்றலைகள் வந்து அந்தக் கண்ணாடியைக் கலைத்துவிடும். முற்பகலில் செல்லச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் பூநாரை. குளிர்காலத்தில் இக்காயலில் பெரும் பூநாரைகள் கூட்டமாக வந்து இரை தேடும். வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தி, சேற்றையும் நீரையும் வடிகட்டி, நுண்ணிய இறாலினங்களையும் பாசியையும் உண்ணும் பறவை இது. அதன் இளஞ்சிவப்பு நிறம் இவ்வுணவிலிருந்து வருவதுதான். தமிழக அரசு 2025 சூன் 5 அன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பறவை பார்க்கத் தனியே படகோ வழிகாட்டியோ தேவையில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, கதவை ஓசையின்றிச் சாத்தி, நின்ற இடத்திலிருந்தே பார்த்தால் போதும். காயலுக்குள் இறங்கி நடந்தால் கூட்டம் முழுதும் எழுந்து பறந்துவிடும். பறப்பது அழகுதான்; ஆனால் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்த பறவை, உண்பதை விட்டுவிட்டு நம் கைப்பேசிக்காகப் பறக்க வேண்டுமா என்பதை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் இருநோக்கி இருந்தால் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்கு அதைவிட வேறு விளையாட்டுப் பொருள் தேவைப்படாது.

கோதண்டராமர் கோயில் இக்காயலை ஒட்டியே அமைந்துள்ளது. வீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பர். 1964-ஆம் ஆண்டுப் புயலில் தப்பி நின்ற கட்டடம் என்பதாலும் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஓர் ஊர் இருந்த இடம்

கோதண்டராமர் கோயிலைக் கடந்து முகுந்தராயர் சத்திரத்தை அடைந்தால், அங்கிருந்து முனை வரை 9.5 கிலோமீட்டர் நேர்ச்சாலை. இச்சாலை 2017 சூலையில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் சேற்றிலும் நீரிலும் இறங்கி ஏறும் பழைய வேன்களிலும் ஜீப்புகளிலும்தான் செல்ல வேண்டும். முதுகுவலி உள்ளவர்களை வீட்டார் அழைத்துச் செல்லத் தயங்கிய காலம் அது. இன்று மகிழுந்திலேயே முனை வரை செல்லலாம். இவ்வசதியால் விளைந்த தீங்கு ஒன்றும் உண்டு. பாதி வழியில் உள்ள பழைய தனுஷ்கோடியைப் பலர் வண்டியின் கண்ணாடி வழியே பார்த்துக் கடந்துவிடுகின்றனர்.

பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி ஒரு பன்னாட்டு நிலையமாயிற்று. சென்னை எழும்பூரில் புறப்படும் போட் மெயில் இங்கு வந்து நிற்கும். பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பை அடைவர். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மாதா கோயில், கடைத்தெரு என ஒரு துறைமுக ஊருக்கு வேண்டிய யாவும் இங்கிருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் கரையைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653 எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. பொழுது விடிந்தபோது ஊரும் இல்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. சேதமடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சீராக்கினர். பின்னாளில் தில்லி மெட்ரோவை அமைத்தவர் அவரே. நாம் அன்றாடம் ஏறி இறங்கும் மெட்ரோவுக்கும் இத்தீவுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்பதைத் தில்லிக் குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஆனால் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான இருப்புப்பாதை மீண்டும் போடப்படவில்லை.

எங்கள் கிளையில் ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் உள்ளார். மத்திய அமைச்சகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; கோல் மார்க்கெட்டுக்கு அருகே வசிப்பவர். சென்ற ஆண்டு டிசம்பரில், நாங்கள் நால்வர் குடும்பத்தோடு செல்லவிருப்பதை அறிந்து, தாமும் மகன் குடும்பத்துடன் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதும், தனுஷ்கோடியில் சில ஆண்டுகள் இருந்து 1963-இல் மானாமதுரைக்கு மாற்றலாகிச் சென்றவர் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒன்பது வயதில் விட்டுவந்த ஊர். இருமுறை இராமேசுவரம் வந்திருக்கிறார். இருமுறையும் கோயிலிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. பழைய வேனில் ஏறும் உடல்நிலையும் அப்போது துணைவியாருக்கு இல்லை. "இந்த முறை எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்" என்றார். எங்கள் திட்டத்தை முற்பகலுக்கு மாற்றியதற்கு உண்மையில் அவரே காரணம். பூநாரையும் கண்ணாடிக் காயலும் எங்களுக்குப் பின்னர்க் கிடைத்த ஆதாயம்.

எட்டரை மணிக்கு முன்பே பழைய ஊரை அடைந்துவிட்டோம். கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. கடலிலிருந்து எடுத்த பவளக் கற்களால் கட்டப்பட்டவை என்பதால் அருகே சென்று பார்த்தால் கல்லில் பூப்போன்ற வடிவங்கள் தெரியும். ரயில் எஞ்சின்களுக்கு நீர் நிரப்பிய தொட்டியின் எச்சமும் நிலையக் கட்டடத்தின் சில தூண்களும் மணலில் நிற்கின்றன. பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடிவிட்டனர். பெரியவர் தொட்டியருகே சென்று, அங்கிருந்து கிழக்கு நோக்கி வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். நூற்றுச் சில்லறை அடிகளில் நின்றுவிட்டார். அங்கே மணலும் சில அடம்பங்கொடிகளும்தாம் இருந்தன. சிறுவயது அடி சிறிது, இப்போதைய அடி பெரிது என்று தமக்குத்தாமே கணக்கிட்டுச் சற்றுப் பின்னோக்கி வந்து மீண்டும் நின்றார். சிப்பிக் கடை வைத்திருந்த அம்மையார் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, இந்த ஊர்க்காரவுகளா?" என்று கேட்டார். "ஆமாம் தாயி" என்று மட்டும் சொன்னார் பெரியவர். அந்த அம்மையார் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். செம்பில் நீரும் தந்தார்.

அந்த நீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த இம்மணல்திட்டில், சில அடி ஆழம் கையால் தோண்டினாலே குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. பெய்த மழை மணலுக்குள் இறங்கித் தேங்கி, எடை மிகுந்த உப்புநீரின் மேல் ஏடுபோல் மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும்; எனவேதான் இங்குள்ள மீனவர்கள் அகப்பையாலும் சிறு குவளையாலும் மெல்ல முகந்து குடத்தை நிரப்புகின்றனர். வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்ட இடத்தில், ஓலைக் குடிசைகளில், இன்றளவும் மக்கள் வாழ்வது இந்த ஊற்றுகளை நம்பித்தான்.

பெரியவர் அந்த முக்காலியில் முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தார். நிலைய மேடையில் பனிக்கட்டியிட்டு அடுக்கிய மீன்கூடைகளின் வாடையையும், கப்பல் வந்த நாளில் சுமை தூக்குவோர் போடும் கூச்சலையும் அருகில் அமர்ந்த பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உடன் படித்தவர்களைப் பற்றிப் பேத்தி கேட்டபோது, அவர் வேறு ஏதோ ஒன்றைக் காட்டிப் பேச்சை மாற்றினார். முனைக்குச் செல்ல வண்டி புறப்பட்டபோது, தாம் இங்கேயே இருப்பதாகவும் திரும்பும்போது அழைத்துக்கொள்ளும்படியும் கூறினார். மாலை நான்கரைக்கு வந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் அவருக்குக் கிடைத்திராது.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டத்தில் முடிகிறது. நடுவே சிங்க முகத் தூண். அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் இரு கடல்களும் ஒன்றோடொன்று மோதிக் கலக்கும் இடம். எதிரே முப்பது கிலோமீட்டருக்குள் தலைமன்னார். இங்குக் கடலில் இறங்கவே கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இரு பக்க நீரோட்டங்களும் சந்திப்பதால் காலடி மணல் நொடியில் அரிக்கப்படுகிறது. நீச்சல் தெரிந்தவரையும் உள்ளிழுத்துக்கொள்ளும். எச்சரிக்கைப் பலகையும் காவலரும் வேடிக்கைக்காக அங்கில்லை. சேது நீராட விரும்பும் பெரியவர்கள், செம்பில் கடல்நீரை முகந்து கரையில் நின்றபடியே தலையில் தெளித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு நீரில் கால் நனைக்க ஆசையெனில் இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கடற்கரை அமைதியானது; பிற்பகலில் எப்படியும் அங்குத்தான் செல்லப் போகிறோம்.

நேரமும் பணமும்

இனித் திட்டம். தீவில் முதல்நாள் இரவே தங்க முடிந்தால் எல்லாம் எளிது. வயது முதிர்ந்தோர் உடன் வந்தால் அதையே பரிந்துரைப்போம். மதுரையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்புவதெனில், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சாலை. மூன்றரை மணி நேரம். அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பர், மானாமதுரை வருவதற்குள் உறங்கிவிடுவர். பொடி தடவிய இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டால் வழியில் நிற்கும் அரைமணி மிச்சம். இராமேசுவரம் நகருக்குள் கழிப்பறைத் தேவைகளை முடித்துக்கொண்டு தென்கிழக்கே திரும்பிவிடுங்கள். தனுஷ்கோடியில் பின்னேரத்தில் பொரித்த மீனும் தேநீரும் கிடைக்கும். வேறு வசதிகளை நம்பிச் செல்ல வேண்டாம். நிழலும் இல்லை. தொப்பி, குடை, ஆளுக்கு ஒரு குப்பி நீர் ஆகியன கட்டாயம்.

பதினொன்றரை மணிக்குள் நகருக்குத் திரும்பிவிடலாம். உண்டு, சற்று இளைப்பாறி, மூன்று மணியளவில் நடை திறக்கும்போது கோயில் வாயிலில் இருக்க வேண்டும். தீர்த்தமாடுவது இருட்டும் முன்பே நிறுத்தப்படுவதால் அதனை முதலில் முடித்து, உடைமாற்றித் தரிசனத்துக்குச் செல்லலாம். ஈர உடையுடன் கருவறை வரிசையில் விடமாட்டார்கள். முற்பகல் நெரிசலோடு ஒப்பிட்டால் பிற்பகல் எளிது. மூன்றாம் பிராகாரத்தின் 1212 தூண்களை நின்று பார்க்கவும் நேரம் கிடைக்கும். ஆடி, தை அமாவாசை நாட்களில் மட்டும் இத்திட்டம் செல்லாது. அந்நாட்களில் தீவு முழுதும் மக்கள் வெள்ளம். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழையும் புயலும் உண்டு. ஏப்ரல், மே வெயிலை அந்த மணலில் தாங்க முடியாது. தில்லிக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையோடு இயைந்து வரும் சனவரியே ஏற்ற காலம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் மத்திய அரசு ஊழியர் பலர் என்பதால் விடுப்புப் பயணச் சலுகை, அதாவது எல்டிசி, பற்றிச் சில சொற்கள். சொந்த ஊராக மதுரையைப் பதிந்தவர், அச்சலுகையில் மதுரை வரையிலான கட்டணத்தையே கோர முடியும். தீவுக்குச் செல்வது அவர் சொந்தச் செலவு. நான்கு ஆண்டுத் தொகுதியில் ஒருமுறை கிடைக்கும் 'இந்தியாவில் எவ்விடமும்' என்ற சலுகையில் இராமேசுவரத்தை முன்கூட்டியே அறிவித்துச் சென்றால், அதுவரையிலான குறுகிய வழிக் கட்டணம் கிடைக்கும். ஆனால் தனியார் வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகை ஏற்கப்படுவதில்லை. ரயிலும் அரசு இயக்கும் பேருந்தும் கணக்கில் வரும். எனவே நிசாமுத்தீனிலிருந்து தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியிலோ திருக்குறள் விரைவு வண்டியிலோ மதுரை வந்து, அங்கிருந்து வேன் அமர்த்திச் செல்பவர், வேன் கட்டணத்தைத் தம் கையிருப்பிலிருந்து தருவதாகவே திட்டமிட வேண்டும். வருமான வரியிலும் ஒரு குறிப்பு: இச்சலுகைக்கான விலக்கு பழைய வரிமுறையைத் தேர்ந்தோர்க்கே உண்டு; அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே, தங்கும் அறைக்கும் உணவுக்கும் இல்லை.

வாடகை வண்டி பேசும்போது, கிலோமீட்டர் கட்டணம் மட்டும் கேட்டுவிட்டு மனம் நிறைவடைய வேண்டாம். ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், கூடுதல் மணிக்கான கட்டணம் ஆகிய நான்கும் அடங்குமா என்பதைக் குறுஞ்செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் பலர் சேர்ந்து ஒரே வேனைப் பங்கிட்டதால் தலைக்கு வந்த தொகை சிறிதாயிற்று. இரு குடும்பங்கள் தனித்தனி மகிழுந்தில் செல்வதைவிட இது சிக்கனம், அரட்டைக்கும் வசதி. ஆண்டுதோறும் ஊர் செல்வோர், பிப்ரவரியில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி டிசம்பரில் முதிர்வடையுமாறு அமைத்துக்கொள்வதை எங்கள் முகப்பில் பார்க்கிறோம். கடன் அட்டையில் பயணம் செய்துவிட்டு ஏப்ரல் வரை தவணை செலுத்துவதைவிட நல்ல பழக்கம் அது.

கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் எங்கும் பரவிவிட்டது உண்மையே. ஆயினும் தீவின் வாலில் அலைக்கற்றை இணைப்பு தடுமாறும் இடங்கள் உண்டு. இருபது ரூபாய்ச் சிப்பி மாலைக்காக ஒரு மூதாட்டியை வெயிலில் நிற்கவைத்து, சுழலும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. எதிர்க்கரை அயல்நாடு என்பதால் கைப்பேசியின் பன்னாட்டு இணைப்பு வசதியை அணைத்துவைப்பதும் நல்லது. சிப்பி மாலை, சங்கு வளையல் வாங்கலாம். பவளப் பாறைத் துண்டை மட்டும் எவர் தந்தாலும் வாங்காதீர்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதனைத் தடை செய்கிறது. கரையில் கிடந்ததை எடுத்தேன் என்ற விளக்கம் அதிகாரிகளிடம் எடுபடாது.

கோயிலிலிருந்து ஐந்து மணிக்கு வெளியே வந்தால், திரும்புவதற்கு இரு வழிகள். வந்த வேனிலேயே சாலைப் பாலம் வழியே செல்லலாம். அல்லது மாலை நேரப் பயணிகள் ரயிலில் மதுரை திரும்பலாம். நேரத்தை முதல்நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் குழுவை இரண்டாகப் பிரித்தோம். பிள்ளைகளும் பெரியவரும் ரயிலில். சுமைகளும் மற்றோரும் வேனில்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பின் ரயில்கள் ஓடவில்லை. அதன் அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம், நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது பிளந்து விரியாமல் அப்படியே நேராக மேலெழும். நாட்டின் முதல் செங்குத்துத் தூக்குக் கடற்பாலம் இதுவே. ரயில் அதன்மேல் ஊர்ந்து செல்லும் சில மணித்துளிகளில் கதவருகே நிற்க வேண்டாம். சன்னலோர இருக்கை போதும். மேற்கே கதிரவன் இறங்கும் நேரம் அமைந்தால் அதையும் அங்கிருந்தே காணலாம். எங்கள் பெட்டியில் பேத்தி சன்னலைத் தாத்தாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் மடியில் கால் நீட்டி உறங்கிவிட்டாள். இராமநாதபுரம் நிலையத்தில் எங்களில் ஒருவர் இறங்கித் தேநீர் வாங்கி வந்தார். மதுரையை அடைந்தபோது இரவு பத்து மணி ஆகவில்லை.